கறுப்பு உருண்டைக்குக் கால் மணி நேரம்

பல்கலைக்கழக வளாகத்தில் வெயில் அடிக்கிறதா என்று கண்டுபிடிக்க ஐந்து பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்திருந்தார்கள். ஜன்னலைத் திறந்து தலையை நீட்டியிருந்தால் அந்த வேலை அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் அப்படி முடித்தால் குழுவுக்குப் பெயர் வைக்க முடியாதே. திறந்தவெளிப் பாதுகாப்பு மற்றும் சௌகரிய மதிப்பீட்டுக் குழு என்று பெயர் வைத்து, அதற்கு ஒரு முத்திரை வரைந்து, முத்திரைக்கு எந்தப் பச்சை நல்ல பச்சை என்று மூன்று கூட்டம் போட்டுப் பேசிவிட்டுத்தான் வெயில் பக்கம் வந்தார்கள். அதற்குள் கோடை பாதி ஓடிவிட்டது.

குழுத் தலைவர் நிர்வாகவியல் பேராசிரியர். திரையில் படம் ஓட்டாமல் அவருக்கு நாலு வார்த்தை பேச வராது. வீட்டில் தண்ணீர் கேட்பதென்றாலும் ஸ்லைடு போட்டுத்தான் கேட்பார் என்று ஆய்வக ஆட்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அதனால் முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் ஸ்லைடு. முகத்துக்கு நேரே சார்.

அந்த ஸ்லைடு ஒருநாள் காலையில் இயற்பியல் துறைக் கருவி அறைக்கு வந்து கவுண்டரைத் தட்டினார். உள்ளே இருந்தவள் மீட்டரம்மா. இருபத்தாறு வருஷமாகத் தராசும் மீட்டரும் தெர்மாமீட்டரும் கொடுத்து வாங்குகிறவளுக்கு வளாகம் வைத்த பெயர் அது. அவள் கொடுக்கும் கருவியைவிட, கொடுக்கும்போது சொல்லும் நாலு வார்த்தைக்கு மாணவர்கள் அதிகம் பயப்படுவார்கள்.

அவர் கேட்டது வெப்பமானி. உள்ளங்கை அளவுப் பெட்டி, அதன் தலையில் ஒரு கறுப்பு உருண்டை. காற்றின் சூட்டை மட்டும் அது சொல்லாது. ஓர் இடத்தில் நிற்கிற மனுஷ உடம்பு எவ்வளவு சூட்டை வாங்குகிறது என்பதையும் சொல்லும்.

"சார், இந்த உருண்டை சூட்டைப் பிடிக்க நேரம் எடுக்கும். ஒவ்வொரு எடத்துலயும் வெளியில வச்சுட்டு, கால் மணி நேரம் கழிச்சுத்தான் நம்பரைப் பாக்கணும்."

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்மா," என்றார் ஸ்லைடு. பதிவேட்டில் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு, வெயிலில் தன் கார் நிற்கிறதே என்ற கவலையோடு ஓடினார்.

அவர் கருவியை எடுத்தது பதினொன்று பத்துக்கு. பதினொன்று ஐம்பத்தைந்துக்கு டிரைவர் கையில் அது திரும்பி வந்தது. கூடவே ஒரு தாள், அதில் ஒன்பது இடங்களின் வாசிப்பு, ஒவ்வொன்றும் எடுத்த நேரத்தோடு. மீட்டரம்மா தாளைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது இடத்துக்கு ஒன்பது கால் மணி நேரம் என்று கணக்குப் போட ஐந்தாம் வகுப்புப் படிப்பு போதும். இங்கே ஐந்து பேரும் முனைவர் பட்டம் வாங்கியவர்கள், அதனால் வரவில்லை.

"என்னப்பா, பறந்து போய்ட்டு வந்தீங்களா?"

"யாரும் காரை விட்டு எறங்கவே இல்லக்கா," என்றான் டிரைவர். "கண்ணாடியை எறக்குறது, கையை நீட்டுறது, நம்பரைப் படிக்கிறது, மறுபடி ஏத்திக்கிறது. ரொம்ப நேரம் தொறந்து வச்சா ஏசி காத்து வெளிய போயிருமாம்."

தாளில் எல்லா இடத்துக்கும் இருபத்துநாலு, இருபத்தைந்து என்றே எழுதியிருந்தது. விளையாட்டு மைதானம் இருபத்துநாலு. நூலக முற்றம் இருபத்தைந்து. பின்வாசல் இருபத்துநாலு. கருவி அவள் மேஜையில் சும்மா கிடந்தது. பேருக்குச் சுற்றுகிற மின்விசிறிக்குக் கீழே, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் மெல்ல ஏறியது. இருபத்தாறு, இருபத்தொன்பது, முப்பத்திரண்டு. கால் மணி நேரத்தில் முப்பத்துமூன்றில் வந்து நின்றது. ஐந்து மேதாவிகளும் வளாகம் முழுக்கச் சுற்றித் தங்கள் காரின் உள்வெப்பத்தை ஒன்பது முறை அளந்துகொண்டு வந்திருக்கிறார்கள்.

வேறு ஒருநாளாக இருந்தால் சிரித்துவிட்டுத் தாளை ஓரமாக வைத்திருப்பாள். பின்வாசல் என்ற வார்த்தைதான் சிரிக்க விடவில்லை. பின்வாசல் காவலாளி அவளுடைய நாத்தனார்.

நாத்தனார் என்றால் புருஷனின் ஒரே தங்கை. தன் புருஷன் போன பிறகு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். வீட்டில் இரண்டு பேருக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. டிவி சத்தத்துக்கு ஒரு சண்டை, வாளியை நிமிர்த்தி வைத்ததற்கு ஒன்று, கவிழ்த்து வைத்ததற்கு ஒன்று. ஆனால் போன கோடையில் வண்டி நிறுத்துமிடத்தில் காவல் நின்றவள் வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்தபோது, ஆஸ்பத்திரியில் நாலு நாள் கண் மூடாமல் பக்கத்தில் இருந்தவள் மீட்டரம்மாதான். இன்னொரு தடவை இப்படி விழுந்தால் சிறுநீரகம் தாங்காது, வெயிலில் நிற்கவே கூடாது என்று டாக்டர் அடித்துச் சொல்லிவிட்டார். அதன் பிறகு பார்த்தவர் கால்களையெல்லாம் பிடித்து, நாத்தனாரைப் பின்வாசலுக்கு மாற்றியவளும் அவள்தான். அங்கே ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. வாசலையும் சாலையையும் சேர்த்து மூடுகிற அளவுக்குப் பெரிய மரம். அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

மதிய இடைவேளையில் மீட்டரம்மா கருவியைப் பையில் போட்டுக்கொண்டு பின்வாசலுக்கு நடந்தாள்.

"என்ன அண்ணி, இந்த நேரத்துல? வீட்டுச் சண்டை போதலைன்னு வேலை எடத்துக்கும் வந்துட்டீங்களா?"

"வாயை மூடு. காலையில கார்ல வந்தவங்க உங்கிட்ட என்ன கேட்டாங்க?"

"மூஞ்சி படம் காட்டினாங்க," என்றாள் நாத்தனார். தட்டைக் கணினியில் ஐந்து முகங்களாம். ஒரு முனையில் அழுவது, மறு முனையில் பல்லைக் காட்டுவது. இந்த இடத்தில் நீங்கள் எப்படி உணர்கிறீர்கள், தொடுங்கள் என்றாராம் ஸ்லைடு.

"நீ எதைத் தொட்ட?"

"பல்லைக் காட்டுறதை."

"ஏன்டி? உனக்கு இங்க என்ன சிரிப்பு வேண்டியிருக்கு?"

"பின்ன என்ன பண்றது அண்ணி? அழுகிறதைத் தொட்டா ஏன் அழுறன்னு கேப்பாங்க. பின்னாடி நாலு வண்டி ஹாரன் அடிக்குது. அவரும் அந்தச் சிரிக்கிற மூஞ்சி மேலயே விரலை வச்சுக் காட்டினாரு. சரி, மனுஷன் ஆசைப்படுறாருன்னு தொட்டுட்டேன்."

மீட்டரம்மாவுக்கு அவள் தலையில் ஒரு குட்டு வைக்க வேண்டும்போல் இருந்தது. வைக்கவில்லை. கருவியை மர நிழலில் வைத்துக் கால் மணி நேரம் காத்திருந்தாள். முப்பத்துநாலு. நிழலைத் தாண்டிச் சாலையில் வைத்து இன்னொரு கால் மணி நேரம் காத்திருந்தாள். நாற்பத்தேழு. இரண்டையும் துண்டுச்சீட்டில் எழுதிப் பைக்குள் பத்திரப்படுத்தினாள்.

நாலாவது நாள் அறிக்கை வந்தது. பளபளவென்று அச்சடித்து, அட்டையில் முத்திரை, அதில் மூன்று கூட்டம் கண்ட பச்சை. வளாகத் திறந்தவெளியின் சராசரி வெப்பம் இருபத்தைந்து, சௌகரியம் மிக நன்று. பின்வாசல் காவலர் நூற்றுக்கு நூறு மகிழ்ச்சி. ஆகவே நிழல் வசதி எங்கும் தேவைப்படவில்லை. பாதுகாப்பைப் பொறுத்தவரை, பின்வாசல் கேமராவின் பார்வையை ஒரு மரம் மறைக்கிறது, அதை அகற்றலாம்.

அந்தக் கேமராக் கம்பத்தைப் போன வருஷம்தான் கட்டட இன்ஜினியர் நட்டார். மரத்துக்கு எதிரே, மரத்தைப் பார்த்து நட்டார். வருஷம் முழுக்க அது இலையைப் படம் பிடித்தது. கம்பத்தை நாலடி தள்ளினால் போதுமே என்று மீட்டரம்மா அவரிடம் கேட்டதற்கு, கம்பத்தை நகர்த்தத் தனி அனுமதி வேண்டும், மரத்துக்கு என்றால் அதுதான் குழுவே சொல்லிவிட்டதே என்றார். அவர் குரலில் அப்படி ஒரு நிம்மதி.

மீட்டரம்மா ஸ்லைடின் அறைக்குப் போனாள். அறை குளிர்ந்து கிடந்தது. வெளியே அப்படி ஒரு வெயிலில் அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், அந்த வாசிப்பெல்லாம் தப்பு. நான் அன்னைக்கே சொன்னேன், கால் மணி நேரம் வெளியில இருக்கணும்னு."

ஸ்லைடு நிமிர்ந்து பார்த்தார். "அப்ப உங்க கருவி தப்பா காட்டுதுன்னு எழுதித் தர்றீங்களா?"

எழுதிக் கொடுத்தால் கருவியும் போகும், அதைப் பராமரிக்கிறவளுக்கு ஒரு விளக்கக் கடிதமும் வரும். ஆளை மடக்குகிற அந்தச் சாமர்த்தியத்துக்கு மட்டும் அவருக்கு ஸ்லைடு தேவைப்படவில்லை.

"கருவி சரியாத்தான் சார் காட்டுது. உங்க காருக்குள்ள இருபத்தஞ்சுதான்."

"நல்லா ஜோக் அடிக்கிறீங்க," என்று சொல்லிவிட்டு, அவர் திரையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை மரத்தை அறுத்தார்கள். எந்த வேலையும் சொன்ன தேதிக்கு நடக்காத அந்த வளாகத்தில் இது ஒரு நாள் முன்னதாகவே நடந்தது. அடிமரம் மட்டும் முழங்கால் உயரத்துக்கு நின்றது. நாத்தனாரின் நாற்காலி மொட்டை வெயிலில் தனியாகக் கிடந்தது. குடை பிடிக்கலாமா என்று கேட்டாள். காவலரின் இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறதாம்.

திங்கள்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் வாசலிலேயே வாந்தி எடுத்தாள். மீட்டரம்மா ஈரத்துணியால் கழுத்தையும் உள்ளங்காலையும் துடைத்துவிட்டாள். முகம் சிவந்து, உதடு வெடித்திருந்தது.

"அண்ணி, நான் வேலையை விட்டுரட்டுமா?"

"விட்டுட்டு? நாள் முழுக்க வீட்டுல உக்காந்து என் தலையை உருட்டப் போறியா?" என்று எரிந்து விழுந்துவிட்டு, சமையலறைக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவளுக்கு நாத்தனார்மேல் பாசம் உண்டு. அது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவும் ஸ்லைடு போன்ற ஓர் ஆளின் தயவில் தெரிய வேண்டியிருந்ததே என்று கோபம் இரண்டு மடங்காக வந்தது.

மறுநாள் கருவி அறைப் பதிவேட்டைத் திறந்து, ஸ்லைடின் வரிசையில் விரலை ஓட்டினாள். ஒன்பதாவது கட்டம் காலியாக இருந்தது.

எப்போதோ ஒருவர் தராசை உடைத்துவிட்டு உடையாததுபோல் திருப்பி வைத்ததால் வந்த கட்டம் அது. கருவியைத் திருப்பித் தருகிறவர், தான் எடுத்த வாசிப்பில் ஒன்றை அதே இடத்தில், அதே நேரத்தில், காப்பாளர் முன்னிலையில் மறுபடி எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் எடுப்பதில்லை. சும்மா கையெழுத்து வாங்கிக்கொள்வது வழக்கம். ஸ்லைடு டிரைவரிடம் கொடுத்தனுப்பியதால் அதுவும் இல்லை. அவர் அப்போது டீன் பதவிக்கு விண்ணப்பித்திருந்தார். அந்த விண்ணப்பத்தோடு, எந்தக் கருவி அறையிலும் தன் பெயரில் எதுவும் முடிக்கப்படாமல் இல்லை என்ற சான்று வைக்க வேண்டும்.

சான்று கேட்டு அவர் ஆளனுப்பினார். மீட்டரம்மா பதிவேட்டின் நகலை அனுப்பிவைத்தாள். அடுத்த அரை மணியில் ஸ்லைடே வந்து நின்றார்.

"என்னம்மா இது? கையெழுத்துதானே, குடுங்க போட்டுடறேன்."

"விதி இருக்கு சார். காவலருக்குக் குடை கூடாதுன்னு ஒரு விதி இருக்கில்ல, அந்த மாதிரி. பின்வாசல் வாசிப்பு பதினொன்னு நாப்பதுக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நாளைக்குப் பதினொன்னு நாப்பதுக்கு வாங்க."

அவர் இயற்பியல் துறைத்தலைவர் வரை போய்ப் பார்த்தார். துறைத்தலைவருக்கு ஸ்லைடைப் பிடிக்காது. டீன் பதவிக்கு அவரும் விண்ணப்பித்திருந்தார்.

மறுநாள் கார் வந்து பின்வாசலில் நின்றது. மீட்டரம்மா கருவியை அடிமரத்தின் மேல் வைத்தாள். ஸ்லைடு கண்ணாடியை இறக்கி, "நான் இங்கேருந்தே பாக்கறேனே," என்றார்.

"எடுக்கிறவர் கருவிகிட்ட நிக்கணும் சார். கட்டத்துலயே போட்டிருக்கு."

இறங்கினார். முதல் நிமிடத்தில் எண் முப்பத்துநாலு. "இதோ வந்துடுச்சே," என்றார். மீட்டரம்மா கைக்கடிகாரத்தைக் காட்டினாள். நாலாவது நிமிடத்தில் முப்பத்தெட்டு, அவர் கோட்டைக் கழற்றினார். எட்டாவது நிமிடத்தில் நாற்பத்துமூன்று, கோட்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டார். இரண்டு கையும் காலியாக இருக்கணும் சார் என்று சொல்ல மீட்டரம்மாவின் நாக்கு துறுதுறுத்தது. நாத்தனாருக்கு மனசு கேட்கவில்லை, தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். காலையிலிருந்து காய்ந்த பிளாஸ்டிக். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார் ஸ்லைடு. வளாகத்தின் சௌகரியத்தை அவர் நேரடியாக ஆராய்ந்தது அந்த ஒரே முறைதான்.

பதினைந்தாவது நிமிடத்தில் எண் நாற்பத்தெட்டில் நின்றது. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நாத்தனார் கைக்குட்டையை நனைத்து நீட்டினாள். வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, எண்ணையே பார்த்தார். மனுஷனுக்கு இப்போதாவது வெட்கம் வரும் என்று மீட்டரம்மா எதிர்பார்த்தாள். இருபத்தாறு வருஷம் அளந்தும் சில ஆட்களை அளக்க அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஸ்லைடின் கண் பளபளத்தது.

"இருபத்துநாலு, இப்ப நாப்பத்தெட்டு! சரியா ரெண்டு மடங்கு!" என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, காருக்கு ஓடினார்.

அந்த வார இறுதியில் அரங்கம் நிறைந்த கூட்டத்தில் அவர் படம் ஓட்டினார். மரம் இருந்தபோது பின்வாசல் வெப்பம் இருபத்துநாலு. மரம் போன பிறகு நாற்பத்தெட்டு. ஒரே ஒரு மரம் இருபத்துநாலு பாகை வெப்பத்தைக் குறைக்கிறது என்பது அவருடைய குழுவின் கண்டுபிடிப்பு. மரத்தை வெட்டச் சொன்னது யார் என்று ஒரு ஸ்லைடிலும் இல்லை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவருக்கு டீன் பதவி கிடைத்தது. துறைத்தலைவர் மறுநாளே கூப்பிட்டு, "உங்க கட்டத்தால வந்த வினைம்மா," என்று மீட்டரம்மாவிடம் எரிந்து விழுந்தார்.

கண்டுபிடிப்பைக் கொண்டாட, துணைவேந்தர் பின்வாசலில் ஒரு கன்று நட்டார். ஒரு முழம் உயரம், ஏழு இலை. துணைவேந்தர் கையால் நட்ட கன்று கருகினால் கட்டட இன்ஜினியர் பாடு அவ்வளவுதான். அதனால் அதற்குப் பச்சை நிழல்வலை போட ஆணை வந்தது. அந்த நிழலைக் கொஞ்சம் அகலமாகப் போட்டால் காவலரும் உட்காரலாமே என்று மீட்டரம்மா கேட்டாள். கன்றுப் பராமரிப்பில் ஆட்களுக்கு இடமில்லை என்றார் இன்ஜினியர்.

அவள் வேறு மாதிரி கேட்டாள். "சார், கன்னு வளருமே? இடுப்பு உயரத்துல வலை போட்டா ஆறு மாசத்துல முட்டும். துணைவேந்தர் வந்து பாக்கும்போது தலை வளைஞ்சு நிக்கும். இப்பவே எட்டடிக்குப் போட்டுடுங்க. வேர் பரவுற எடத்துக்கும் நிழல் வேணும், நாலு பக்கமும் அஞ்சடி விடுங்க."

"நல்ல யோசனைம்மா," என்றார் இன்ஜினியர். அப்படியே போட்டார். அந்த வலை கேமராவின் பார்வையை மரத்தைவிட நன்றாக மறைத்தது. அதை இன்றுவரை யாரும் கவனிக்கவில்லை. ஏனென்றால் அந்தப் படத்தை இன்றுவரை யாரும் பார்த்ததில்லை.

வலை போட்ட மறுநாள் மதியம் மீட்டரம்மா கருவியோடு போனாள். நாத்தனார் வலைக்குக் கீழே, கன்றுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் கருவியை வைத்துவிட்டு, மீட்டரம்மா அடிமரத்தில் உட்கார்ந்தாள். கால் மணி நேரம் இருவரும் சண்டை போடவில்லை.

"எவ்வளவு அண்ணி?"

"முப்பத்தொம்பது."

"பரவால்லையே. அன்னைக்கு நாப்பத்தெட்டு இருந்துச்சே."

"மரம் இருந்தப்போ முப்பத்தி நாலு," என்றாள் மீட்டரம்மா. பைக்குள் அந்தத் துண்டுச்சீட்டு இன்னும் இருந்தது. அந்த ஐந்து பாகையை இந்த ஏழு இலை திருப்பித் தருவதற்குள் நாத்தனார் ஓய்வு பெற்றுவிடுவாள். டாக்டர் சொன்னதற்கு முப்பத்தொன்பது போதுமா, போதாதா என்று எந்தக் கருவியும் சொல்லாது.

நாத்தனார் கருவியைத் திருப்பிக் கொடுத்தாள். "அண்ணி, குழு அடுத்த வருஷமும் வருமாம். அந்த மூஞ்சி படத்தை மறுபடி நீட்டினா நான் எதைத் தொடணும்?"

"அழுகிறதைத் தொடு."

"ஏன் அழுறன்னு கேப்பாங்களே?"

"கேக்கட்டும். காரை விட்டு எறங்கி, கால் மணி நேரம் உன் பக்கத்துல நின்னுட்டு அப்புறம் கேக்கச் சொல்லு."